சதுப்பு நிலத்தில் பிடித்த வடம்

போன ஆவணி மாதம், ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு நாள் முழுக்கக் கார் ஓடி, ஒரு சின்ன ஊரில் படுத்தெழும்பி, அங்கேயிருந்து ரயில் ஏறி, நானும் என் கணவரும் ஒரு சதுப்பு நிலக் காப்பகம் பார்க்கப் போனோம். ரோட்டே இல்லாத இடம். ஸ்டேசனும் இல்லை. தண்டவாளக் கரையில் நின்று கை காட்டினால்தான் ரயில் நிற்கும். பின்னேரம் திரும்பி வருகிற ரயிலை விட்டால் அடுத்தது இரண்டு நாள் கழித்துத்தான்.

இவருக்குப் பென்சன் எடுத்ததில் இருந்து செடி கொடிப் பைத்தியம். அங்கே பூச்சி தின்னும் செடி இருக்குதாம்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, மச்சம் மாமிசம் தின்னுற செடியைக் கும்பிடக் கூட்டிக்கொண்டு போறியள்," என்றேன்.

"நீர் கும்பிட வேண்டாம். ஒருக்கால் பார்த்தாலே காணும்."

உண்மையில் வடிவான இடம். காலங்காலமாகப் பாசி உக்கி உக்கிச் சேர்ந்த நிலம். மேலே பச்சையும் சிவப்புமாக மெத்தை விரித்த மாதிரி. நடக்கிறதுக்குப் பலகைப் பாதை போட்டு, அதை விட்டு இறங்கக் கூடாதென்று படமும் கீறி வைத்திருந்தார்கள். ரயிலுக்கு நேரமாகுதென்று திரும்பி வரும்போது, தண்டவாளத்துக்குக் கிட்ட இவர் அந்தச் செடியைக் கண்டுவிட்டார். போனைப் பிடித்துக்கொண்டு ஒரு அடிதான் வெளியே வைத்தார். கால் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது.

இழுக்க இழுக்க இறுகியது. நான் பலகையில் குந்தியிருந்து கையைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. போனில் சிக்னல் இல்லை. தூரத்தில் ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது.

"நீர் ஓடும்! ரயிலை மறியும்!" இவருடைய முகம் வெளிறிப் போச்சு.

"முருகா" என்று ஓடினேன். தோளில் கிடந்த சிவப்புச் சால்வையை உருவி, கரையில் நின்று வீசினேன். ஏனோ எனக்குப் பயம் வரவில்லை. நிற்கும் என்று தெரியும். நின்றது.

ரயில் கார்ட், ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளைப் பிள்ளை, குதித்து இறங்கி ஓடி வந்தா. ஆற்றில் வள்ளம் ஓடிவிட்டு அதே ரயிலில் வந்த பயணிகள் நாலைந்து பேர், வள்ளம் கட்டுற கயிற்றோடு பின்னால் வந்தார்கள். இவரின் கமக்கட்டுக்குக் கீழால் கயிற்றைச் சுற்றி இழுத்தார்கள். ஒருவர் இழுக்க மற்றவர் விட, கயிறு ஆடியதே தவிர ஆள் வரவில்லை. தேர் இழுத்துப் பழகாத சனம், பாவம்!

நான் போய் முன்னுக்குப் பிடித்தேன். "நான் சொல்லேக்கை எல்லாரும் சேர்ந்து" என்று எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொல்லிவிட்டு, அடிவயிற்றிலிருந்து "அரோகரா!" என்று கத்தினேன். முதல்தரம் முழிசினார்கள். அடுத்த தரம் அவர்களும் "அரோகரா!" சேற்றுக்குள் நின்றபடி இவரும் "அரோகரா!" இன்னொரு இழுவையில் பெரிய சத்தத்தோடு கால் வந்தது. சப்பாத்து வரவில்லை.

கார்ட் பிள்ளை இவரைப் போர்வையால் போர்த்தி, கோப்பி தந்து, அது என்ன சொல் என்று கேட்டா. கடவுளை நினைத்துத் தேர் இழுக்கிற சத்தம் என்றேன்.

"நல்லா வேலை செய்யுது," என்று சிரித்தா.

இவர் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யோசியாதேங்கோ, உங்கட செடிக்கு இண்டைக்கு ஒரு சப்பாத்தும் சாப்பாடு," என்றேன். அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அழுகை வந்தது.

இந்த வருசம் எங்கள் கோயில் தேருக்கு வடம் பிடிக்கப் போனபோது, பெயர்கூடச் சொல்லாமல் எங்களுக்காகச் சேறு பூசிக்கொண்ட அந்தக் கைகளையும் நினைத்துத்தான் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.