மல்லாட்டையில் எண்ணிய நிலக்கரி

ஓடுகிற ரயில் என்ஜினிலிருந்து முந்நூற்றைம்பது கிலோ நிலக்கரி எங்கே காணாமல் போகும்? அன்று காலை தனகோட்டி இப்படிக் கேட்டபோது செஞ்சி பஸ் நிலையத்தில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும்தான்.

தனகோட்டிக்கு எழுபது வயது. நீராவி என்ஜின் காலத்தில் விழுப்புரத்தில் ஃபயர்மேனாக இருந்தவர். இரும்பு ஷவலால் என்ஜின் அடுப்புக்குக் கரி அள்ளிப்போடுகிற வேலை. இன்றைக்கும் வீட்டில் மனைவி மங்கை கேஸ் அடுப்பைக் கொஞ்சம் கூட்டி வைத்தால், "தீனி ஜாஸ்தியா போவுது பாரு" என்பார்.

பழைய என்ஜின் ஒன்றைச் சரிசெய்த ஒரு குழு, அதை நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப்பார்க்கும்போது கரி போட அவரைக் கூப்பிட்டது. எவ்வளவு கரி தின்கிறது என்று அளக்க வேண்டும். இன்ஜினியர் வெண்மதி முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"எத்தனை ஷவல் போடறீங்கன்னு எண்ணுங்க ஐயா. மிச்சக் கரிய நாங்க எடை போடுவோம். ரெண்டு கணக்கும் ஒத்துப்போனா அடுத்த மாசமும் நீங்கதான். இல்லன்னா வேற ஆள் பாக்கணும். அப்புறம், என்ஜின்ல ஒரு குப்பை விழக்கூடாது."

முப்பது வருஷம் கழித்துக் கையில் வந்த ஷவலை விட தனகோட்டிக்கு மனமில்லை. எண்ணுவதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. பத்து ஷவல் போட்டதும், இடது பையிலிருந்து ஒரு மல்லாட்டையை, அதாவது தோலோடு ஒரு வேர்க்கடலையை, வலது பைக்கு மாற்றுவார். ஒரு ஷவல் ஐந்து கிலோ. பச்சையாக ஒரு கை அள்ளிப்போடு என்று மங்கையிடம் சொல்லியிருந்தார். வெறும் வயிற்றோடு போகிறாரே என்று மங்கை அதை வறுத்துவிட்டாள்.

ஓட்டம் முடிந்தபோது வலது பையில் பதின்மூன்று இருந்தன. அறுநூற்றைம்பது கிலோ. இவ்வளவு சிக்கனமா என்று குழுவே கைதட்டியது. திரும்பும் பஸ்ஸில் தனகோட்டி அந்த எண்ணை எல்லோருக்கும் சொன்னார்.

"பெருசு, எங்க பஸ்ஸுக்கு வந்துடேன். டீசலாவது மிச்சமாவும்" என்றார் கண்டக்டர்.

மறுநாள் காலை வெண்மதி போன் செய்தாள். எடைபோட்டதில் ஆயிரம் கிலோ செலவாகியிருந்தது.

பஸ் நிலையம் வரை விசாரித்துவிட்டுத் தொங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தார். மங்கை அவருடைய கரிச் சட்டையை ஊறவைக்கப் போய், மேல்பையை உதறிக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா இது, பை பூரா தோலு?"

என்ஜினில் குப்பை விழக்கூடாது என்று அவர் பத்திரப்படுத்திய தோல். வறுத்த வாசனைக்குக் கை தானாக வலது பைக்குப் போய்வந்திருக்கிறது. உட்கார்ந்து எண்ணினார். பாதித் தோல் பதினான்கு. ஏழு மல்லாட்டை. எழுபது ஷவல்.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு போனை எடுத்தார்.

"மேடம், அந்தக் கரி கெடச்சிடுச்சு."

"எங்க இருக்குது ஐயா?"

"என் வயித்துல."

விஷயத்தைக் கேட்டு வெண்மதி சிரித்து முடிக்க நேரமாயிற்று. "கணக்கு ஒத்துப்போச்சு. அடுத்த மாசம் வாங்க. மல்லாட்டை வேணாம், புளியங்கொட்டை எடுத்துட்டு வாங்க."

தனகோட்டி மங்கையிடம் புளியங்கொட்டை கேட்டார்.

"வறுத்தா, வறுக்காமலா?" என்றாள் மங்கை.

அந்த பஸ்ஸில் வந்தவர்கள் இன்னும் அறுநூற்றைம்பது என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தனகோட்டிக்கு அது உறுத்துகிறது. அவர்களில் யாரையாவது பார்த்தால் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். ஆயிரம் கிலோ.