சாலையை விட்டு இறங்காத ஜீப்

அமெரிக்காவில் கேட்டி என்ற ஊரில் குடியேறிய மூன்றாவது வருஷம் எனக்கு வேலை செய்ய அனுமதி கிடைத்தது. பக்கத்தில் ஒரு சின்ன டிராவல் ஏஜென்சியில் சேர்ந்தேன். முதலாளியம்மா நைரோபியில் பிறந்து வளர்ந்த குஜராத்திக்காரர். இந்தியா டிக்கெட்தான் எங்கள் பிழைப்பு. ஆனாலும் வருஷத்துக்கு நாலைந்து குடும்பங்களை அவர் கென்யாவுக்கு அனுப்பிவைப்பார். காட்டு மிருகங்களைப் பார்க்க அவர்கள் போய்த் தங்கும் முகாம் இருந்தது மாடு மேய்க்கும் மசாய் மக்களின் சொந்த நிலத்தில். வருமானத்தில் ஒரு பங்கு அவர்களுடைய பள்ளிக்கூடத்துக்குப் போனது. மிருகங்களை அவர்களே காவல் காத்தார்கள்.

ஆளுக்கொரு பதார்த்தம் செய்து எடுத்துவரும் எங்கள் பொங்கல் பாட்லக் விருந்துக்கு வழக்கமாக வரும் ஒரு டாக்டர் அங்கிளையும் ஆன்ட்டியையும் நான்தான் ஆசை காட்டி அங்கே அனுப்பினேன். திரும்பி வந்ததும் அங்கிள் நேராக எங்கள் ஆபீசுக்கு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஒரு சீட்டா குட்டிங்களோட படுத்திருக்கு. கொஞ்சம் கிட்ட போப்பான்னா அந்த டிரைவர் மாட்டேங்கறான். ரோட்டை விட்டு இறங்கவே இல்ல. என் போட்டோல வெறும் புல்லுதான் இருக்கு. கம்ப்ளைன்ட் பண்ணும்மா. அவனையெல்லாம் வேலைல வெச்சுக்கக் கூடாது."

முதலாளியம்மா அப்போது ஊரில் இல்லை. அங்கிளைச் சமாதானப்படுத்தினால் போதுமென்று, அவர் சொன்னதையெல்லாம் முகாம் மேனேஜருக்கு எழுதினேன். அவர் சொல்லாத ஒன்றையும் சேர்த்தேன்: ஓட்டுநர் மரியாதையில்லாமல் நடந்துகொண்டார் என்று. அப்படி எழுதினால்தான் கடிதத்துக்கு ஒரு பலம் வரும் என்று அப்போது தோன்றியது. ஃபேக்ஸில் அனுப்பிவிட்டு மறந்தும் போனேன்.

பத்து நாளில் பதில் வந்தது, இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் மேனேஜர் மன்னிப்புக் கேட்டிருந்தார். அந்த ஓட்டுநரை ஜீப்பிலிருந்து எடுத்துச் சமையலறையில் போட்டுவிட்டாராம். இரண்டாவது பக்கம் ஓட்டுநரே கையால் எழுதியது. அங்கிள் போனதற்கு முந்தின வாரம் வேறு முகாம்களின் வண்டிகள் அந்தத் தாய்ச் சீட்டாவைச் சுற்றி வளைத்துக்கொண்டு நின்றன. அது மிரண்டு விலகி ஓடியது. திரும்பி வருவதற்குள் கழுதைப்புலிகள் இரண்டு குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. "மீதி இரண்டு குட்டிகளாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். ஐயாவுக்குப் படம் கிடைக்காததற்கு வருந்துகிறேன். மரியாதையில்லாமல் எதுவும் பேசியதாக எனக்கு நினைவில்லை" என்று முடித்திருந்தார்.

அந்தக் கடைசி வரியை மறுபடி மறுபடி படித்தேன்.

சனிக்கிழமை அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு அங்கிள் வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஆன்ட்டி அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"இதை அந்த டிரைவர் அன்னிக்கே சொன்னாரே. நீங்க லென்ஸ் மாத்திண்டு இருந்தீங்க, காதுல வாங்கல" என்றார் ஆன்ட்டி. "நான் பைனாகுலர்ல பார்த்தேன். அந்த அம்மா சீட்டா குட்டி மூஞ்சியை நக்கிண்டே இருந்தது. எனக்கு அதுவே போதும்னு இருந்தது."

அங்கிள் அந்தக் கடைசி வரியைத் திரும்பப் பார்த்தார். பிறகு, "மரியாதையில்லாமன்னு நான் சொன்னேனா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல அங்கிள். நானா சேர்த்தது."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு பேப்பர் எனக்கு, ஒரு பேப்பர் தனக்கு என்று எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். "உன்னோடதை நீ எழுது. என்னோடதை நான் எழுதறேன்."

டைனிங் டேபிளில் எதிரெதிராக உட்கார்ந்து எழுதினோம். மரியாதையில்லாமல் நடந்தார் என்பது நானே சேர்த்த பொய் என்று நான் எழுதினேன். மேனேஜருக்கு ஒன்று, ஓட்டுநருக்கு ஒன்று என்று அங்கிள் இரண்டு எழுதினார்.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. அந்த சீசன் முடியும்வரை அந்த மனிதர் சமையலறையில்தான் இருந்தார். மழைக்காலம் கழிந்த பிறகுதான் மறுபடி ஜீப்பைக் கொடுத்தார்கள்.

பயணம் முடிந்து திரும்பி வந்த முதலாளியம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் கோபித்துக்கொண்டார், அது நியாயம்தான். அதன்பின் கென்யா போகிற ஒவ்வொருவருக்கும் முதலிலேயே ஒரு தாள் கொடுத்தோம்: வண்டி சாலையை விட்டு இறங்காது, மிருகம் தள்ளியிருந்தால் தள்ளியேதான் பார்க்க வேண்டும், ஓட்டுநரை வற்புறுத்தாதீர்கள். அதைப் படித்துவிட்டு இரண்டு குடும்பங்கள் வேறு ஏஜென்சிக்குப் போய்விட்டன. முதலாளியம்மா, "போகட்டும்" என்றார்.

அடுத்த வருஷம் அந்த ஓட்டுநரிடமிருந்து அங்கிளுக்கு ஒரு கடிதம் வந்தது. குட்டிகள் இரண்டும் வளர்ந்து, தாயை விட்டுப் பிரிந்து, தாமாகவே வேட்டையாடுகின்றனவாம். அங்கிள் எனக்கு போன் பண்ணி அதை முழுவதும் வாசித்துக் காட்டினார். நடுவில் ஒரு வரியை இரண்டு தடவை வாசித்தார். நான் கவனிக்காதது போல் கேட்டுக்கொண்டிருந்தேன்.