டேங்கரின் தாகம்

தம்பி வர்ணம் பூசிய சுவரில் பிரஷ் போன தடம் தெரியாது. ஏணியின் உச்சியில் நின்றாலும் கீழே ஒரு சொட்டு சிந்தமாட்டான். அப்படிப்பட்டவன் இரண்டு வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து தலைகுப்புற விழுந்தான். பிழைத்துக்கொண்டான். ஆனால் அதன்பின் பிடித்த தாகம் விடவேயில்லை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீர் குடிப்பான். குடித்தது குடித்தபடியே வெளியே போகும். கூட வேலை பார்த்தவர்கள் ‘டேங்கர்’ என்று பெயர் வைத்தார்கள். அது நோய் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அக்காவுக்கும்.

இப்போது அவனுக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். “ஆறு மணியிலேருந்து பச்சைத் தண்ணிகூடக் கூடாது” என்றாள் நர்ஸ். அக்கா பாட்டிலைப் பையில் போட்டு மூடினாள். காலை எட்டு மணி ஆபரேஷன், அவசர கேஸ் ஒன்று வந்ததால் மதியம் இரண்டு மணிக்குத் தள்ளிப்போனது.

“நாக்கு ஒட்டிக்குதுக்கா.”

“பொறுடா. குடிச்சதையெல்லாம் எங்கடா வச்சிருக்க?”

“டேங்கர் ஓட்டைக்கா.”

பதினொரு மணிக்கு அவனிடம் சிரிப்பு இல்லை. தரை துடைக்கிற வாளியின் அழுக்குத் தண்ணீரையே பார்த்தான். கட்டிலைவிட்டு இறங்கப் போனவனை அக்கா தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள். அக்கா பேச்சைத் தட்டாதவன், அடங்கினான்.

ஒரு மணிக்கு, “நீங்க யாரு?” என்றான்.

“பயத்துல உளறுவாங்கம்மா” என்றாள் நர்ஸ். பயத்தில் அக்காவை மறக்கிறவனா இவன்? அக்கா பாட்டிலைத் திறந்து அவன் வாயில் வைத்தாள்.

“என்னம்மா காரியம் பண்றீங்க! ஆபரேஷன் போச்சு!”

“போகட்டும். ஆள் இருக்கணும்ல!”

சத்தம் கேட்டு வந்த டாக்டர், கட்டிலடியில் இருந்த சிறுநீர்ப் பாத்திரத்தைப் பார்த்து நின்றுவிட்டார். “காலையிலேருந்து தண்ணி குடிக்காதவருக்கு மஞ்சளா, துளியூண்டுதான் வரணும். இது குழாய்த் தண்ணி மாதிரி இருக்கே! தலையில அடிபட்டிருக்கா?”

சாரத்திலிருந்து விழுந்ததை அக்கா சொன்னாள்.

“தண்ணி குறைஞ்சா, ‘பிடிச்சு வை’ன்னு மூளை சிறுநீரகத்துக்குச் சேதி அனுப்பும். இவருக்கு அந்தச் சேதி போறதில்ல போலிருக்கு. தாகம் ஒண்ணுதான் இத்தனை நாள் உயிரைக் காப்பாத்தியிருக்கு. ரத்தம் எடுங்க, உப்பு எக்கச்சக்கமா ஏறியிருக்கும்!”

அந்தத் தாகத்தைத்தான் தன் இரண்டு கையாலும் அழுத்திவைத்திருந்தாள் அக்கா.

அந்தச் சேதிக்குப் பதிலான மருந்து ஊசியில் ஏறியது. “நான் அக்காடா” என்றாள். அந்நிய ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு காலி பாட்டிலை அவள் பக்கம் நீட்டினான்.