சதுப்பு நிலத்தில் என் பின்னால் வந்த கரடி

நியூ ஜெர்சி வீட்டிலிருந்து அரை மணி நேரம் காரில் போனால் ஒரு சதுப்பு நிலம். அங்கே நீர்நாய் பார்த்துவிட வேண்டும் என்பது என் மகளின் குளிர்கால ஆசை. ஏற்கெனவே இரண்டு முறை போய்வந்தோம். ஒருமுறை நான் தும்மினேன். அடுத்த முறை என் போன் அடித்தது. இரண்டு முறையும் வாத்துகள் உட்பட எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்.

“அப்பா, லாஸ்ட் சான்ஸ். இன்னைக்கும் சத்தம் போட்டா நெக்ஸ்ட் டைம் ஒன்லி அம்மா,” என்று காரிலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

யோக்கியமாகப் போனைக் காரிலேயே வைத்தேன். தண்ணீருக்குச் சற்று மேலே பலகைப் பாதை. இருபுறமும் காய்ந்த கோரை, நடுவே பாலாடை மாதிரி மெல்லிய பனிக்கட்டி. தூரத்தில் ஒரு நாரை, பஸ்ஸைத் தவறவிட்டவர் போல ஒற்றைக்காலில் நின்றது. மனைவியும் மகளும் முன்னால். நான் பின்னால், வாயை மூடிக்கொண்டு.

அப்போதுதான் அந்தச் சரசரப்பு. நின்றேன், நின்றது. நடந்தேன், அதுவும் நடந்தது. வாசலில் பார்த்த ‘கரடி ஜாக்கிரதை’ பலகை நினைவுக்கு வந்தது. நான் நின்றால் தானும் நிற்கிறதே, எவ்வளவு விவரமான கரடி!

கத்தக் கூடாது; வாக்குக் கொடுத்திருக்கிறேன். எனவே கத்தாமல் ஓடினேன். பலகை வழுக்கி, இடது கால் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு முழங்கால்வரை சேற்றில் இறங்கியது. அப்போதும் நான் கத்தவில்லை. மஃப்ளரைக் கடித்துக்கொண்டேன்.

மனைவி ஓடிவந்து கிசுகிசுத்தாள். “என்னங்க ஆச்சு?”

“கரடி. பின்னாலயே வருது.”

என் ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு மிக்சர் பாக்கெட்டை எடுத்து என் காதருகே ஆட்டினாள். அதே சரசரப்பு.

“இந்தாங்க உங்க கரடி. கடலை போட்டது.”

காலை உருவினேன். சேறு சொட்ட, நானும் நாரை போல ஒற்றைக்காலில் நின்றேன்.

“வாங்க, கார்ல போய்க் காலைக் காய வைக்கலாம்.”

“டோன்ட் மூவ்!” என்றாள் மகள். தண்டனை போலிருக்கிறது என்று அசையாமல் நின்றேன். பல் மட்டும் தந்தியடித்தது.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது என்னை அல்ல, நான் உடைத்த ஓட்டையை. அதில் குமிழிகள். பிறகு ஒரு தலை. ஈர மீசை, வாயில் துடிக்கும் மீன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிதானமாகத் தின்று முடித்து, பனிக்கட்டிமேல் ஏறி, வயிற்றால் சறுக்கிக் கோரைக்குள் போய்விட்டது.

காருக்குத் திரும்பினோம். நான் ஹீட்டர் முன் காலை நீட்டியபோது மகள் கேட்டாள்.

“அப்பா, நெக்ஸ்ட் சாட்டர்டே ஃப்ரீயா?”

“ஏன், அம்மா மட்டும்னு சொன்னே?”

“பட் ஹூ வில் மேக் த ஹோல்?”