டீயில மட்டும்தான் சர்க்கரை

தண்ணீர் தெளித்து, பழைய துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் சலூன்காரர். இரண்டடி பின்னால் போய்ப் பார்க்கிறார். மறுபடியும் துடைக்கிறார். "சனியன் பிடிச்ச கண்ணாடி, எவ்வளவு தேய்ச்சாலும் புகை போகமாட்டேங்குது." நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கோ அதே கண்ணாடியில் தன் மூக்கு மயிர்வரை தெரிகிறது.

போன மாதம் பல்புக்குத் திட்டு விழுந்தது. பளீரென்று எரிகிற புது பல்பு வந்தபின் பழி கண் டாக்டர் தலையில். "எவனுக்கோ வெச்சிருந்த பழைய லென்ஸ எனக்கு வெச்சு அனுப்பிட்டான்யா." கண்ணில் புரை எடுத்த புதிதில் இதே டாக்டரைத் தெய்வம் என்று வாய் ஓயாமல் சொன்னவர்தான். எதிர்க்கடைப் பலகையை இங்கிருந்தே படித்துக் காட்டி, வந்தவர்கள் போனவர்களின் பொறுமையைச் சோதித்தார்.

உண்மை மனைவிக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு முன் நர்ஸ், "சர்க்கரை இருக்கா?" என்று கேட்டாள். "டீயில மட்டும்தான்" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டாள். யாராவது சிரித்தால் அவருக்கு அதுவே போதும். ரத்தப் பரிசோதனை வரை சர்க்கரை மாத்திரையை ஒழுங்காக விழுங்கி அளவைக் கீழே இறக்கினார். கண் தெளிந்ததும் மாத்திரை, சொட்டு மருந்து இரண்டுக்கும் முழுக்குப் போட்டார். "தெரியுற கண்ணுக்கு எதுக்குடி மருந்து?"

பார்வை மறுபடி மங்கியதும் மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். லென்ஸுக்குப் பின்னாலுள்ள சவ்வு மங்கியிருந்தால் லேசரில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். விழித்திரையில் நீர் கோத்திருந்தால் சங்கதி வேறு, நாள் கடத்தக் கூடாது, ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். "உங்களுக்கு சர்க்கரை உண்டா?" மனைவி வாய் திறக்குமுன், "இல்ல டாக்டர்" என்று அடித்துச் சொன்னார் இவர். ஸ்கேனில் பொய் அம்பலமாகிவிடும் என்ற பயம். அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. "கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம் பண்ணுங்க" என்று சொல்லிச் சொல்லி மனைவி ஓய்ந்துபோனாள். கண்ணைவிட வாய் பெரிது என்று இருப்பவரை என்ன செய்வது? எரிச்சல்தான் மிச்சம்.

சலூனுக்கு வருகிறவர்களில் முதலில் ஒருவர், "முடி மட்டும் போதும், ஷேவிங் வீட்ல பண்ணிக்கிறேன்" என்றார். பிறகு ஒருவர் மாற்றி ஒருவராக எல்லாரும் அதையே சொன்னார்கள். சவரத்துக்கு மிஞ்சியவன் மனைவியின் தம்பி மட்டுமே. போன வாரம் அவன் காதோரம் கத்தி கீறிவிட்டது. "நீ அசைஞ்சிட்டே" என்றார். அவன் அசையவே இல்லை.

இன்றும் பெரிய மனதோடு வந்து உட்கார்ந்தான். கன்னம் இரண்டும் முடிந்தன. அவன் முகவாயை நிமிர்த்திப் பிடித்து, சலூன்காரர் கத்தியைத் தொண்டைக்குக் கொண்டுபோனார். போர்த்தியிருந்த துணிக்குள்ளிருந்து அவன் கை தானாக எழுந்து வந்து கழுத்தை மூடிக்கொண்டது.

"ஒண்ணுமில்ல மாமா... அரிச்சுது."

அந்தக் கை மட்டும் அவருக்கு நன்றாகவே தெரிந்தது. கத்தியைத் திருப்பினார். நுரை ஒட்டிய அந்த விரல்களைப் பிரித்து, பிடியை அவற்றுக்குள் வைத்தார்.