தாழ்ப்பாள் இல்லாத கதவு

காலை ஆறரைக்கு எழுவேன். வாசலில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுப்பேன். ஒன்றுதான். முன்பு இரண்டு. பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பல் துலக்குவேன். பச்சைத் தண்ணீரில் குளிப்பேன். பெங்களூர்க் குளிரிலும் அப்படித்தான். காபியை நின்றுகொண்டே குடித்துவிட்டு லேப்டாப்பைத் திறப்பேன்.

இப்படிப்பட்ட ஆள் நான். பேய்க் கதை கட்டும் அளவுக்கு என்னிடம் கற்பனை இல்லை. இது நடந்தது. பெரியவர்கள் மூன்று பேர் கூட இருந்தார்கள். அவர்களில் ஒருவர் டாக்டர்.

என் மனைவி இளவேனில் போன ஜனவரியில் இறந்தாள். இருபத்தெட்டு வயது. குளிக்கப் போனவள் வெளியே வரவில்லை. கதவை உடைத்துத்தான் தூக்கினோம். மாரடைப்பாக இருக்கும் என்றார்கள். "என் பொண்ண அறுக்க வேணாம் மாப்ள" என்று அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அறுக்கவில்லை. திருவண்ணாமலைக்குக் கொண்டு போனோம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். முகம் எப்படிச் சிவந்து கிடக்கு பாரு, தூங்குற மாதிரியே இருக்கா.

எங்கள் வீடு பொம்மசந்திராவைத் தாண்டி, ஆனேக்கல் போகும் வழியில், மூன்றாவது மாடியில். படுக்கை அறைக்குப் போக பாத்ரூம் கதவைக் கடக்க வேண்டும். என்னால் கடக்க முடியவில்லை. குளிக்க வேறு வழியில்லாமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளிப்பேன். தூக்கம் ஹாலில். இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வீட்டை விற்றுத்தர புரோக்கர் உமேஷ் வந்து சுற்றிப் பார்த்தார்.

"சார், ஃபர்ஸ்ட் அந்த ஃபோட்டோ எடுங்க. மாலை போட்ட ஃபோட்டோ பாத்தா பார்ட்டி செருப்பே கழட்டாது."

"எங்க வைக்கிறது?"

"லாஃப்ட்ல வைங்க. மேடம் பேஜார் பண்ணிக்க மாட்டாங்க."

பெயின்டரும் வேண்டாம் என்றார். "நீங்களே அடிங்க. ஸ்வல்ப செலவு, ஜாஸ்தி லுக். அஷ்டே சார், அவ்ளோதான்."

அடித்தேன். ஹாலுக்கு மட்டும் ஒரு டப்பா வெள்ளை. எதிர்வீட்டில் இரண்டு நாற்காலி இரவல். நர்சரியில் ஒரு மணி பிளான்ட். பார்ட்டி வரும்போது பாலில் ஏலக்காய் தட்டிப் போட்டு அடுப்பில் வைக்கச் சொன்னார் உமேஷ். வீடு புதுமனை புகுவிழா மாதிரி மணக்குமாம்.

பாத்ரூமில்தான் வேலை அதிகம். உடைத்த கதவில் உள்தாழ்ப்பாள் பிய்ந்து போயிருந்தது. புதிது வாங்கவில்லை. ஓட்டைகளைப் புட்டி மாவு பூசி மூடி, மேலே பெயின்ட் அடித்தேன். கண்ணாடியில் அவளுடைய பொட்டுகள் இருந்தன. குளிக்கும் முன் எடுத்து ஒட்டுவாள். எல்லாம் மெரூன். நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. பிளேடால் எடுத்தேன். மொத்தம் ஏழு. குப்பையில் போட முடியவில்லை. பசை தடவி, அவள் ஃபோட்டோவின் பின்பக்கம் ஒட்டி லாஃப்டில் வைத்தேன்.

காற்றுக்காக மேலே விட்டிருந்த வென்டிலேட்டர் பாக்கி. புறா எச்சம். கடைசியாக அவள் ஒரு கூரியர் அட்டைப்பெட்டியைப் பிரித்து, டேப் போட்டு அதை மூடியிருந்தாள். குளிருக்கும் புறாவுக்கும். அது பூஞ்சை பிடித்ததால் பிறகு நான் எடுத்துப் போட்டிருந்தேன். இப்போது வெள்ளை பிளாஸ்டிக் தகடு ஒன்றை வெட்டி ஒட்டினேன். பார்க்கச் சுத்தமாக இருந்தது. கீசருக்கும் புது சிலிண்டர் மாட்டினேன். கேஸ் கீசர். அவள் போனபின் நான் அதைத் தொட்டதில்லை. சுடுதண்ணி காட்டினால் பார்ட்டி மயங்கும் என்று உமேஷ் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை மாலை. மணி 6.40.

சமையலறையில் இருந்தேன். பாத்ரூமில் "டப்" என்று ஒரு சத்தம்.

தகடு கீழே இருந்தது. விழுந்து கிடக்கவில்லை. சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை ஒட்டிய டேப், சின்ன உருண்டையாகச் சுருட்டிக் குழாயின்மேல்...

டேப்பைப் பிரித்தால் அவள் அப்படித்தான் உருட்டி வைப்பாள்.

ஈரத்தில் கழன்றிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிலிக்கான் வாங்கி வந்து, நான்கு பக்கமும் பூசி ஒட்டினேன். இனி உளி வைத்தால்தான் வரும்.

வெள்ளி மாலை தகடு அப்படியே இருந்தது.

கீசரின் திருகுக் குமிழில் ஒரு பொட்டு இருந்தது.

மெரூன்.

ஸ்டூல் போட்டு லாஃப்டில் ஏறினேன். ஃபோட்டோவைத் திருப்பினேன். ஆறு பொட்டுகள். ஏழாவது இருந்த இடத்தில் பசை மட்டும்... இன்னும் காயாமல்.

"இளா" என்றேன். பத்து மாதத்தில் முதல் முறையாக.



பயந்தேன். அதைவிட, பதில் வரவில்லையே என்று அழுதேன்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் பார்ட்டி வந்தது. கோவிந்தன், அவர் மனைவி வீணா, ஆறு வயது மகள். வீணா ஒரு மருத்துவமனையில் எமர்ஜென்சி டாக்டர்.

"வீடே மணக்குதே" என்றார் வீணா. "உங்க மிஸஸ் எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் உமேஷ் முந்திக்கொண்டார். "ஊருக்குப் போயிருக்காங்க மேடம்."

உமேஷ் பாத்ரூமில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து கோவிந்தனுக்குக் காட்டினார். கீசர் பற்றிக்கொண்டது. "பாருங்க சார், நிமிஷத்துல ஆவி!" பெருமையில் குழாயை மூட மறந்துவிட்டார். கதவை மட்டும் சாத்திவிட்டு எல்லாரையும் பால்கனிக்கு அழைத்துப் போனார். அங்கே தண்ணீர், பார்க்கிங், லிஃப்ட் என்று நெடுநேரம் பேச்சு.

நடுவில் குழந்தை பாத்ரூம் போக வேண்டும் என்றாள். "அதோ, அந்தக் கதவு" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், கதவுக்கு வெளியிலேயே காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறாள்.

"என்னடி, போகலையா?" என்றார் வீணா.

"உள்ள ஆண்ட்டி குளிக்கிறாங்க."

வீணா குனிந்து அவள் தலையைத் தடவினார்.

"யாரும் இல்ல தங்கம். தள்ளு."

"தள்ளுனேன். தொறக்கல. இருன்னாங்க."

உமேஷ் ஓரடி பின்னால் போனார்.

நான் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. கோவிந்தன் தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

அசையவில்லை.

உள்ளே தண்ணீர்ச் சத்தம்.

வீணா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனார்.

கதவு தானாகத் திறந்தது.

மெதுவாக...

ஆவி. குழாய். எரியும் கீசர். வேறு யாரும் இல்லை.

கோவிந்தன் உள்ளே தலையை நீட்டினார். உடனே நெற்றியைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். வீணா ஓடி வந்து எட்டிப் பார்த்தார். மேலே மூடியிருந்த வென்டிலேட்டரைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"எல்லாரும் பால்கனிக்குப் போங்க! சிலிண்டர மூடுங்க! அந்த ஓட்டைய யாரு அடைச்சது?"

"நான்தான்."

"கேஸ் கீசர் வெச்சுட்டு அடைப்பாங்களா? அந்தப் புகைக்கு வாசனையே கெடையாது சார். குளிர் காலத்துல எங்ககிட்ட வந்துட்டே இருக்கும் இந்த மாதிரி கேஸ். குளிக்கப் போவாங்க, மயங்கி விழுவாங்க. ஹார்ட்டுன்னு சொல்லி எடுத்துட்டுப் போயிடுவாங்க." குழந்தையின் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டார். "முகம் மட்டும் சிவந்து, தூங்குற மாதிரி இருக்கும்."

பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"என் மனைவி ஊருக்குப் போகல" என்றேன். "இங்கதான்... இதே மாதிரிதான் அட்டை வெச்சு அடைச்சிருந்தா."

உமேஷ் தலைகுனிந்தார். வீணா என் தோளைத் தொட்டார். நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

கிளம்பும்போது கோவிந்தன் கேட்டார். "கதவு எப்படி சார் மாட்டிக்கிச்சு? உள்தாழ்ப்பாள் தானா விழுந்துடுச்சா?"

கதவின் உள்பக்கத்தைக் காட்டினேன். புட்டி பூசிய இடத்தை அவர் விரலால் தடவிப் பார்த்தார். அந்தக் கதவில் தாழ்ப்பாளே இல்லை. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார்.

லிஃப்ட்டுக்குக் காத்திருந்தபோது குழந்தையிடம் குனிந்தேன்.

"இருன்னு சொன்னதுக்கு அப்புறம், ஆண்ட்டி வேற ஏதாச்சும் சொன்னாங்களா கண்ணு?"

"பாலப் பத்தி சொன்னாங்க. எனக்குப் பால் எங்க இருக்குன்னு தெரியல அங்கிள்."

வீடு இன்னும் விற்கவில்லை. தகட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டேன். ஃபோட்டோவைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. கடைசியாக என்ன சொன்னாள் என்று அவள் அப்பா கேட்டபோதுகூட, ஒன்றும் சொல்லவில்லை மாமா என்றேன். அந்த ஜனவரிக் காலையில், நேரமாகிறது என்று நான் கதவைத் தட்டினேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் வந்தது.

"இருப்பா, அஞ்சே நிமிஷம். பால மட்டும் பாத்துக்கோ."