பனியனுக்குக் காலாவதி தேதி போட்ட அக்கா

என் அக்காவை ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெரிய டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் எண்ணிக்கை அக்காதான். ஆபரேஷனுக்கு வேண்டிய கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, தட்டில் அடுக்கி, துணியில் சுற்றி, நீராவியில் வைத்து அனுப்புவது அவள் வேலை. இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறாள். ஒரு இடுக்கி குறைந்தாலும் தட்டு அந்த அறையை விட்டு நகராது. யார் வந்து குதித்தாலும் நகராது.

நான் லிஃப்ட் பரிசோதகன். கயிறு, கதவு, பிரேக் என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஊருக்குக் கிளம்பினால் போச்சு. கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா, குழாயை அடைத்தேனா என்று மனம் குடைந்து எடுத்துவிடும். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. மூன்று தடவை டிக்கெட் எடுத்தேன். முதல் தடவை தெருமுனையிலிருந்து திரும்பினேன். இரண்டாவது தடவை ஸ்டேஷன் வாசலிலிருந்து. மூன்றாவது தடவை ரயில் ஏறி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஓடிவந்தேன். மூன்று தடவையும் கேஸ் ஒழுங்காக மூடித்தான் இருந்தது. என் மனைவி தனியாகவே போய் வந்தாள். பேத்திக்கு மூன்று வயதாகிவிட்டது. அவளை நான் ஃபோனில்தான் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் மகளிடம், "இந்தத் தடவை கண்டிப்பா வரேம்மா" என்றேன்.

"பரவாயில்லப்பா. உங்களுக்குச் சிரமம் வேணாம். ஃபோன்லயே பார்த்துக்கலாம்" என்றாள்.

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கோபிக்கவே இல்லை. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். "இருபத்தாறு வருஷமா எண்ணிக்கிட்டு இருக்கேன். உனக்கு இப்பதான் என் ஞாபகம் வந்துச்சா?" கிளம்பும் நாளோடு சேர்த்து மூன்று நாள் லீவு போட்டுவிட்டு எங்கள் வீட்டில் வந்து இறங்கினாள்.

வந்ததும் பெட்டியைத் தொடவிடவில்லை. "முதல்ல எல்லாம் கட்டில் மேல வரட்டும். கண்ணால பார்க்காத எதுவும் பெட்டிக்குள்ள போகக் கூடாது" என்றாள். நானும் என் மனைவியும் பரப்பினோம். கட்டில் நிரம்பி, நாற்காலியும் நிரம்பியது. நான்கு நாள் பயணத்துக்கு நான் ஒன்பது சட்டை எடுத்திருந்தேன். கூடவே ஒரு ஸ்குரூடிரைவர் செட், இரண்டு டார்ச், ஒரு பூட்டு.

"பூட்டு எதுக்குடா?"

"அங்க பூட்டு சரியில்லைன்னா?"

"மாப்பிள்ளை வீட்டை நீ போய்ப் பூட்டப் போறியா?"

சட்டை நான்காகக் குறைந்தது. ஸ்குரூடிரைவருக்காக மல்லுக்கு நின்று பார்த்தேன், நடக்கவில்லை.

அடுக்குவதிலும் ஆஸ்பத்திரி முறைதான். டாக்டர் முதலில் கேட்பது மேலே, கடைசியில் கேட்பது அடியில். "போய் இறங்கினதும் முதல்ல எதைத் தேடுவே? துண்டு, சோப்பு, மாத்துத் துணி. அது மேல இருக்கட்டும். திரும்பி வர்றப்ப போடுற சட்டை அடியில." காலுறைகளைச் சுருட்டி ஷூவுக்குள் திணித்தாள். என் பிரஷர் மாத்திரையைப் பெரிய பெட்டியில் வைக்கப் போனேன், கையில் ஒரு அடி விழுந்தது. மாத்திரை, கண்ணாடி, டிக்கெட் மூன்றும் தோள்பையில்தான் இருக்க வேண்டுமாம். பெட்டி தொலைந்தாலும் மனுஷன் தொலையக் கூடாதாம்.

ஆளுக்கொரு துணிக்கட்டு. கட்டி முடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டிவிட்டாள். என் கட்டின் சீட்டைப் படித்த என் மனைவி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். 'பனியன் 4. கட்டியது இன்று. காலாவதி ஆறு மாதம்.' ஆஸ்பத்திரியில் அப்படி எழுதாமல் கட்டு வெளியே போகாது, கை தானாக எழுதிவிட்டது.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க அண்ணி. இவர் பனியன் அதுக்கு மேல தாங்காது" என்றாள் என் மனைவி.

மறுநாள் ஒத்திகை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் மூன்று மாடியையும் ஏறி இறங்கச் சொன்னாள். "ஸ்டேஷன்ல படி இல்லாமலா இருக்கும்? இங்க மூச்சு வாங்கினா அங்கயும் வாங்கும்." லிஃப்ட்காரனே படியில் பெட்டி சுமப்பதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர், லிஃப்ட் ரிப்பேரா என்று அக்கறையாக விசாரித்தார். என் மானம் போனது. அந்த ஒத்திகையில் ஒரு டார்ச்சும் ஒரு ஜோடிச் செருப்பும் வெளியே வந்தன. மாலை ஆறு மணிக்குப் பெட்டியை மூடினாள். அதற்கு மேல் எதையும் சேர்க்கக் கூடாது, வேறு வேலையும் வைத்துக்கொள்ளக் கூடாது. காலையில் எடுக்க வேண்டியது பல் பிரஷ்ஷும் சார்ஜரும் மட்டும். அதையும் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினாள்.

"இதெல்லாம் பெட்டிக்கு. என் மண்டைக்கு என்ன வைத்தியம்?" என்று கேட்டேன்.

"காலையில பாரு."

காலையில் என்னை அடுப்பின் முன்னால் நிறுத்தினாள். "மூடு. மூடிட்டேன்னு சத்தமா சொல்லு." சொன்னேன். "கேட்டேன்" என்று நோட்டில் ஒரு கோடு போட்டாள். ஆபரேஷன் தியேட்டரில் அப்படித்தானாம். எண்ணிச் சொல்கிறவர் ஒருவர், கேட்டுக் குறித்துக்கொள்கிறவர் இன்னொருவர். "செஞ்சவனுக்குச் செஞ்சது மறந்துடும்டா. அதான் கேக்கறதுக்கு ஒரு ஆள்." குழாய், மோட்டார், இஸ்திரிப் பெட்டி, பால்கனிக் கதவு, வாசல் பூட்டு என்று மொத்தம் பதினொன்று. பதினொரு தடவை நான் சொன்னேன், பதினொரு தடவை அவள் கேட்டாள்.

ரயில் வந்து நின்றது. சாமான்களை ஏற்றி வைத்தோம். கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. வழக்கம்போல் எனக்கு ஆரம்பித்தது.

"அக்கா, கேஸ்?"

"சொன்னே. கேட்டேன்."

"வாசல்?"

"கேட்டேன்."

நெஞ்சு கொஞ்சம் லேசானது. அப்போதுதான் சுரீரென்று உறைத்தது. "பின் ரூம் ஜன்னல்?"

அக்கா நோட்டைப் புரட்டினாள். என் மனைவி அவளுக்குக் கண்ஜாடை காட்டினாள். சாத்தியாச்சு என்று சொல்லித் தொலையுங்கள் என்று அர்த்தம், எனக்கே புரிந்தது. அக்கா சொல்லவில்லை.

"ஜன்னலை நீ சொல்லலை. நான் கேக்கலை. பட்டியல்ல விட்டது என் தப்பு."

ஒரு கால் ரயில் படியில், ஒரு கால் பிளாட்ஃபாரத்தில். என் மனைவியின் முகம் சுருங்கியது. நான்காவது தடவையும் தனியாகத்தான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

அக்கா என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள். "ஆபரேஷன் நடுவுல ஒரு இடுக்கி எண்ணிக்கையில வரலைன்னா, தேடப் போறது ஒருத்திதான். டாக்டர் மேசையை விட்டு நகர மாட்டார். சாவியைக் கொடு. ஜன்னலுக்கு நான் போறேன், பேத்திகிட்ட நீ போ."

கொடுத்துவிட்டேன். எப்படிக் கொடுத்தேன் என்று ரயில் நகர்ந்த பிறகுதான் யோசித்தேன். என் சமாதானத்துக்காக அவள் ஒரு பொய் சொல்லியிருந்தால், மற்ற பதினொன்றையும் நான் நம்பியிருக்க மாட்டேன். ஜன்னலைக் கேட்கவில்லை என்று ஒத்துக்கொண்டவள் கேஸைக் கேட்டேன் என்றால், கேஸ் மூடித்தான் இருக்கும்.

முக்கால் மணி நேரத்தில் ஃபோன் வந்தது. "ஜன்னல் திறந்துதான் கிடந்துச்சு. சாத்திட்டேன்."

"கேட்டேன்" என்றேன்.

என் ஆயுசில் முதல் தடவையாக ஒரு சந்தேகம் பலித்திருந்தது. அந்தப் பெருமையை நான்கு ஸ்டேஷன் வரை பேசினேன். பிறகு தூங்கிவிட்டேன். என்னோடு மல்லுக்கட்ட வேலை இல்லாமல் பாவம், என் மனைவிக்குத்தான் பொழுது போகவில்லை. மகளுக்கு ஃபோன் செய்ய அவளை நான் விடவில்லை. இறங்குகிற வரைக்கும் எனக்கே நம்பிக்கை இல்லை.

சாயங்காலம் இறங்கினோம். மகள் பேத்தியின் கையைப் பிடித்தபடி அம்மாவை மட்டும் தேடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "அப்பா" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில் வந்ததை எதற்கு மறைக்க வேண்டும், மறைக்கவில்லை.

பேத்தி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அது அவளுக்குத் தெரிந்த முகம்தான். பிறகு பார்வை கீழே இறங்கியது. சட்டை, பேண்ட், செருப்பு. என்னை ஒரு சுற்று சுற்றி வந்தாள். என் முழங்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள், "தாத்தாவுக்குக் கால் இருக்கு."